மூன்று தட்டுகள், ஒரே வானம்: விண்படங்களில் நிறம் பொருத்திய வரலாறு

ஒளிமுகில், விண்மீன் கொத்து, கோள் என எதைக் காட்டும் வண்ணப்படமானாலும், வானியலில் அது பெரும்பாலும் ஒரே படம் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஃபில்டர்கள் வழியே தனித்தனியாக எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் பதிவுகளின் சேர்க்கை அது. அந்தப் பதிவு ஒவ்வொன்றுக்கும் சேனல் என்று பெயர். ஒரு விண்மீன் மூன்று சேனல்களிலும் அதே புள்ளியில் விழும்படி அவற்றை அடுக்கினால்தான் அதன் உண்மையான நிறம் கிடைக்கும். ஒரு பிக்சல் விலகினாலும் ஒவ்வொரு விண்மீனும் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் நீலம் பாய்ந்தும் தெரியும். நாளிதழ்ப் படத்தில் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு நகர்ந்திருந்தால் ரெஜிஸ்டர் விலகிவிட்டது என்பார்கள் அச்சகத்தில். வானத்துப் படங்களிலும் சிக்கல் அதுவேதான். ஆனால் அச்சுத் தாளின் ஓரத்தில் ரெஜிஸ்டர் குறி போட்டுக்கொள்ள முடியும். வானத்துக்கு ஓரமும் இல்லை, குறியும் இல்லை. அங்கே விண்மீன்களையே குறிகளாகக் கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கண்ணால் செய்த காலத்திலிருந்து கணினி செய்யும் காலம்வரை நீள்வதே இந்த வரலாறு.

ரிப்பனும் ரயில் பெட்டியும்

மூன்று பதிவுகளிலிருந்து நிறத்தை மீட்கலாம் என்பதை முதலில் காட்டியவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் பேசியபோது, கட்டம் போட்ட ஒரு ரிப்பனின் படம் திரையில் வண்ணத்தில் தோன்றியது. ஒளிப்படக் கலைஞர் தாமஸ் சட்டன் நிறக் கரைசல்களை ஃபில்டராக வைத்து அந்த ரிப்பனைத் தனித்தனித் தட்டுகளில் பதிந்திருந்தார். தட்டுக்கு ஒன்றாக மூன்று விளக்குப் பெட்டிகள் அவற்றின் ஒளியைத் திரையில் ஒரே இடத்தில் குவித்தன. அக்காலத் தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி அநேகமாகப் படியாது. சிவப்புத் துணி எப்படிப் பதிவானது என்ற கேள்விக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1961இல் விடை கிடைத்தது. துணி எதிரொளித்த கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரே அந்தத் தட்டில் படிந்திருந்தது. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மான் ஃபோகல், தட்டின் பூச்சில் சாயம் சேர்த்தால் பிற நிறங்களும் படியும் என்று கண்டறிந்த பிறகே மூவண்ண முறை நம்பத்தக்கதாயிற்று.

அந்த முறையின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுபவை ரஷ்யாவின் செர்கேய் புரோகுதின்-கோர்ஸ்கி எடுத்த படங்கள். ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் ஆதரவுடன், இருட்டறை அமைத்த ரயில் பெட்டி ஒன்றில் 1909 முதல் 1915 வரை அவர் பேரரசு முழுவதும் சுற்றினார். நீளவாக்கிலான ஒரே கண்ணாடித் தட்டில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று பதிவுகளும் மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இடையில் கழிந்த சில நொடிகளில் கோயிலும் குன்றும் அசையவில்லை. ஆற்று நீரும் மனிதர்களும் அசைந்தார்கள். அதனால் அலைகளின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் இன்றும் படங்களில் தெரிகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1948இல் வாங்கிய இந்தத் தொகுப்பில் 1,902 நெகட்டிவ்கள் உள்ளன. 2001ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகச் சிலவற்றைக் கணினித் திரையில் கையால் நகர்த்திப் பொருத்தினர். 2004இல் தொகுப்பு முழுவதையும் கணினி நிரலே பொருத்தியது. அந்த வேலைக்குப் பயன்பட்ட கணித உத்திகள் வானியலிலும் வழங்குபவையே.

அருகருகே வைத்துப் பார்த்த காலம்

வானியலாளர்கள் ஃபில்டர்களை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையில் எடுத்தனர். எடுத்த படங்களைச் சேர்க்காமல் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910இல் நிலவைப் புறஊதா ஒளியிலும் பிற நிறங்களிலும் படமெடுத்தார். அரிஸ்டார்க்கஸ் பள்ளத்துக்கு அருகே ஓர் இடம் புறஊதாவில் மட்டும் இருண்டு தெரிந்தது. பாறையின் வகை அங்கே வேறு என்பதற்கு அது அடையாளம். 1924இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் வில்லியம் ரைட் செவ்வாயை ஊதாவிலும் அகச்சிவப்பிலும் எடுத்தார். அகச்சிவப்பில் தரையின் தடங்கள் தெளிவாக இருந்தன. ஊதாவில் அவை மறைந்தன. கோளின் வட்டும் ஊதாவில் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. செவ்வாயின் வளிமண்டலமே காரணம் என்று ரைட் கருதினார். இரண்டு நிறப்பதிவுகள் பொருந்தாமல் போனால் குறை எப்போதும் கருவியுடையதல்ல, சில வேளை அது வானத்தின் செய்தி என்ற பாடம் அப்போதே தொடங்கியது.

1935இல் கோடக்ரோம் வந்ததும் மூன்று நிறப்பூச்சுகளும் ஒரே ஃபிலிமில் அடுக்காக அமைந்தன. அடுக்குகள் ஒட்டியே இருப்பதால் பொருத்தும் வேலையே இல்லை. ஆயினும் அது பகல் வெளிச்சத்துக்கு உருவான ஃபிலிம். மங்கிய ஒளியில் நெடுநேரம் திறந்து வைத்தால் அதன் உணர்திறன் குறையும். மூன்று அடுக்குகளிலும் ஒரே அளவில் குறையாது. எனவே படம் முழுவதும் பொய்யான ஒரு சாயல் படிந்துவிடும். பாலோமர் வானாய்வகத்தின் வில்லியம் மில்லர் இந்தச் சாயலை அளந்து, படியெடுக்கும்போது ஃபில்டர்களால் திருத்தி, 1950களின் இறுதியில் ஆன்ட்ரோமெடா, நண்டு ஒளிமுகில் முதலியவற்றை வண்ணத்தில் வெளியிட்டார். பொதுமக்கள் ஆழ்வானத்தை நிறத்தோடு கண்டது அப்போதுதான். ஆனால் மிக மங்கிய பொருள்கள் வண்ண ஃபிலிமுக்கு எட்டவில்லை. அவற்றை எட்டக்கூடிய கண்ணாடித் தட்டுகளோ கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் மூன்று தட்டுகளையும் அவற்றோடு வரும் பொருத்தும் சுமையையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

இருட்டறையில் டேவிட் மாலின்

அந்தச் சுமையை ஏற்று ஒரு கலையாக வளர்த்தவர் டேவிட் மாலின். இங்கிலாந்தில் பிறந்து, வேதியியல் துறையில் நுண்ணோக்கிப் படங்கள் எடுத்துப் பழகியவர். 1975இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் ஒளிப்பட அறிவியலாளராகச் சேர்ந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 3.9 மீட்டர் தொலைநோக்கி அப்போது புதிதாக இயங்கத் தொடங்கியிருந்தது. அருகே இருந்த பிரிட்டிஷ் ஷ்மிட் தொலைநோக்கி 356 மில்லிமீட்டர் சதுரத் தட்டுகளில், ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 6 பாகைக்கும் மேற்பட்ட வானத்தைப் பதிந்துகொண்டிருந்தது.

மாலின் கையாண்டது மாக்ஸ்வெலின் முறைதான். நீலம், பச்சை, சிவப்பு ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பூச்சுள்ள தட்டில், ஏற்ற ஃபில்டருடன், நீண்ட நேரம் ஒளி விழச் செய்வார்கள். தட்டுகளின் உணர்திறனைக் கூட்ட அவற்றை முன்கூட்டியே நைட்ரஜனிலும் ஹைட்ரஜனிலும் பதப்படுத்துவது அக்கால வழக்கம். தட்டுகளிலிருந்து பாசிட்டிவ் படிகள் எடுத்து, என்லார்ஜரில் ஒவ்வொன்றாக வைத்து, அதனதன் நிற ஒளியில் ஒரே வண்ண ஃபிலிமின் மேல் விழவைப்பார். இரண்டாவது படி முதலாவது விழுந்த இடத்திலேயே, மூன்றாவது அவ்விரண்டும் விழுந்த இடத்திலேயே விழ வேண்டும்.

தட்டுகள் ஒரே இரவில் எடுக்கப்பட்டவையாக இருப்பது அரிது. ஓர் இரவில் காற்று அமைதியாக இருந்து விண்மீன்கள் சிறு புள்ளிகளாக விழுந்திருக்கும். இன்னோர் இரவில் காற்று அலைந்து அவை பெருத்திருக்கும். அத்தகைய தட்டுகளை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் விண்மீனைச் சுற்றி ஒரு நிற வளையம் நிற்கும். தொலைநோக்கி வெவ்வேறு திசையில் சாய்ந்திருந்தபோது எடுத்த தட்டுகளில் வானம் அணுவளவு நீண்டோ திரும்பியோ இருக்கும். ஆகவே பொருத்துவது என்பது இடமாற்றம் மட்டுமல்ல. திருப்பம், அளவு, கூர்மை ஆகிய எல்லாமும் ஒத்துவர வேண்டும். இதற்கு ஈடாகத் தட்டில் எங்கு பார்த்தாலும் விண்மீன்கள் இறைந்து கிடந்தன. அவையே ரெஜிஸ்டர் குறிகள்.

மாலினின் படங்களில் குதிரைத்தலை ஒளிமுகிலும் ஓரியனும் அவற்றின் உள்ளபடியான நிறத்துக்கு நெருங்கி வந்தன. விண்மீன்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக எரிந்துபோகாமல் வெப்பத்துக்கு ஏற்ப நீலமும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தெரிந்தன. பொருத்துதல் பிசகியிருந்தால் இந்த நுண்ணிய வேறுபாடுகளே முதலில் அழிந்திருக்கும்.

அசைந்துகொண்டே எடுத்த படங்கள்

விண்கலங்கள் இதே சிக்கலை இன்னும் கடினமாக்கின. 1979இல் வியாழனைக் கடந்த இரண்டு வாயேஜர் கலங்களிலும் 800 வரி, வரிக்கு 800 பிக்சல் கொண்ட, மின்கற்றையால் படத்தைப் படிக்கும் விடிகான் குழாய்க் கேமராக்கள் இருந்தன. அவற்றின் முன்னால் ஃபில்டர் சக்கரம் சுழலும். ஒரு படத்தைப் படித்து முடிக்க மட்டும் 48 விநாடி ஆகும். வியாழனோ 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது. ஒரு ஃபில்டரிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் மேகங்கள் ஏறத்தாழ அரைப் பாகை திரும்பிவிடும். கலமும் கோளை நெருங்கியிருக்கும். விடிகான் குழாயின் மின்கற்றையும் படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பச் சற்று வளைந்து உருவத்தைக் கோணலாக்கும்.

இந்தக் கோணலை அளக்கவே குழாயின் முகப்பில் சிறு கரும்புள்ளிகளை வரிசையாகப் பொறித்திருந்தனர். புள்ளிகள் இருக்க வேண்டிய இடமும் படத்தில் விழுந்த இடமும் தெரிந்தால், கணினி படத்தை நிமிர்த்திவிடும். பிறகு கோளின் விளிம்பை வைத்து மூன்று சேனல்களையும் அடுக்கினர். அச்சகத்தின் ரெஜிஸ்டர் குறி விண்வெளிக்குப் போனது இந்தக் கரும்புள்ளிகளின் வடிவில்தான்.

விண்மீன் முக்கோணங்கள்

ஒளியை மின்குறிகளாக மாற்றும் சில்லு சிசிடி. 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த அது 1976இல் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கியில் பொருத்தப்பட்டு யுரேனஸைப் படமெடுத்தது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே கண்ணாடித் தட்டின் இடத்தை அது பிடித்தது. படம் எண்களின் அட்டவணையானதும் பொருத்தும் வேலை கணக்காக மாறியது.

அந்தக் கணக்கில் இரண்டு வழிகள் முதன்மையானவை. ஒன்று, 1975இல் குக்ளினும் ஹைன்ஸும் முன்வைத்த கட்ட ஒப்பீடு. இரு படங்களையும் ஃபூரியர் உருமாற்றத்துக்கு உட்படுத்தினால், அவற்றுக்கிடையே உள்ள விலகல் ஒரே ஒரு கூர்மையான சிகரமாகத் தெரியும். சிகரம் எங்கே இருக்கிறதோ அவ்வளவு நகர்த்தினால் போதும். கோள்களின் படங்களுக்கு இது ஏற்றது. மற்றொன்று, விண்மீன்கள் நிறைந்த படங்களுக்கு எட்வர்ட் க்ரோத் 1986இல் வெளியிட்ட முக்கோண முறை. இரு படங்களிலும் ஒளிமிகுந்த சில விண்மீன்களைத் தேர்ந்து, மும்மூன்றாக இணைத்து முக்கோணங்கள் அமைப்பார்கள். 30 விண்மீன்களிலிருந்து 4,060 முக்கோணங்கள் கிடைக்கும். படம் நகர்ந்தாலும் திரும்பினாலும் பெருத்தாலும் ஒரு முக்கோணத்தின் பக்க விகிதங்கள் மாறுவதில்லை. எனவே ஒத்த வடிவங்களைத் தேடினால் எந்த விண்மீன் எந்த விண்மீனுக்கு இணை என்பது தெரிந்துவிடும். மாலின் கண்ணால் செய்த வேலையின் கணித வடிவம் இது.

இணைகள் தெரிந்த பின், ஒவ்வொரு விண்மீனின் ஒளி மையத்தையும் பிக்சலின் சிறு பின்னம்வரை கணித்து, இடமாற்றம், திருப்பம், அளவு மூன்றையும் ஒரே சமன்பாட்டில் பெறலாம். அதில் ஒரு விலையும் உண்டு. 0.3 பிக்சல் நகர்த்த வேண்டுமானால் பழைய பிக்சல்களுக்கு இடைப்பட்ட இடத்தின் மதிப்பை ஊகித்தாக வேண்டும். எளிய ஊகம் படத்தை மழுக்கும். லான்சோஸ் போன்ற கூரிய முறை ஒளிமிக்க விண்மீனைச் சுற்றிக் கரிய வளையத்தை உண்டாக்கலாம். ஹப்பிள் தொலைநோக்கிக்காக ஆண்ட்ரூ ஃப்ரக்டரும் ரிச்சர்ட் ஹுக்கும் வகுத்த டிரிசில் முறை இதற்கு ஒரு நல்ல விடை. தூறல் விழுவதுபோல ஒவ்வொரு பிக்சலின் ஒளியையும் சுருக்கிய துளியாக்கி, நுண்ணிய ஒரு புதுக் கட்டத்தின் மேல் சொரியும் முறை அது. 1995 டிசம்பரில் தொடர்ந்து 10 நாட்கள், நான்கு ஃபில்டர்களில் எடுத்த 342 பதிவுகளிலிருந்து ஹப்பிள் ஆழ்புலம் இவ்வாறே உருவானது.

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹப்பிளால் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் சேனல்களின் பொருளே மாறியது. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் குறுகிய ஒளிகளுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் கொடுத்தனர். தூணின் விளிம்பில் எந்த வாயு எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவதே நோக்கம். இங்கே பொருத்துதலில் ஒரு பிக்சல் பிசகினால் நிறம் மட்டும் கெடாது. இல்லாத ஒரு வாயு அடுக்கு இருப்பதாகத் தோன்றும்.

ஆர்வலர்களின் கையில்

1990களில் சிசிடி ஆர்வலர்களின் விலைக்கு இறங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜப்பானியரான குனிஹிகோ ஒகானோ மூன்று சேனல்களோடு நான்காவதாக ஒளிர்வுச் சேனலைச் சேர்த்தார். மனிதக் கண் நுணுக்கத்தை வெளிச்சத்தில்தான் தேடுகிறது. நிறத்தில் அவ்வளவாகத் தேடுவதில்லை. எனவே நிற ஃபில்டர் இல்லாமல் நெடுநேரம் எடுத்த கூரிய பதிவு ஒன்று உருவத்தைத் தரும்; குறைந்த நேரத்தில் எடுத்த மூன்று நிறப்பதிவுகள் அதன் மேல் சாயமாகப் படியும். பெரிய பிக்சலில் எடுத்த நிறப்பதிவுகளை நுண்ணிய ஒளிர்வுப் பதிவோடு இணைக்க வேண்டியிருந்ததால், அளவையும் மாற்றிப் பொருத்தும் நிரல்கள் ஆர்வலர்களின் அன்றாடக் கருவிகளாயின.

கோள்களைப் படமெடுப்போருக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் இருந்தன. முதலாவது காற்று. வளிமண்டலம் ஒரு முப்பட்டகம்போல நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு விகலை. தொடுவானிலிருந்து 45 பாகை உயரத்தில் உள்ள கோளின் நீல உருவமும் சிவப்பு உருவமும் ஒரு விகலைக்கு மேல் விலகி நிற்கும். 30 பாகையில் இரண்டு விகலைக்கு மேல். கோளின் உச்சியில் நீல விளிம்பும் அடியில் சிவப்பு விளிம்பும் தெரிவது இதனால்தான். இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் திருத்தும் வழியை ஆராய்ந்தார்; இன்று இரண்டு சிறு முப்பட்டகங்கள் கொண்ட திருத்தி ஆர்வலர்களிடமும் இருக்கிறது. 1976இல் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற நிறக்கட்ட முறையில், மூன்று நிறங்களையும் ஒரே நொடியில் ஒரே சில்லில் பதியும் கேமராக்களுக்கும் இந்த விலகலிலிருந்து தப்பில்லை. ஆகவேதான் 2002இல் கோர் பெரேவூட்ஸ் வெளியிட்டு, வெப்கேமரா ஆர்வலர்களிடையே பரவிய ரெஜிஸ்டாக்ஸ் நிரலிலும் சேனல்களைப் பொருத்துவதற்குத் தனி வசதி உண்டு.

இரண்டாவது, கோளின் சுழற்சி. வியாழனின் நடுவே உள்ள ஒரு மேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழக் கால் விகலை நகர்கிறது. மூன்று ஃபில்டர்களிலும் எடுத்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆனால் செம்பெரும்புள்ளியின் ஓரங்களில் நிறம் பிரியும். முழுப் படத்தையும் நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. வட்டின் நடுவிலும் விளிம்பிலும் நகர்வு ஒன்றல்ல. வின்ஜூபோஸ் நிரல் ஒவ்வொரு பிக்சலும் கோளின் எந்த அட்சத்தில், எந்தத் தீர்க்கத்தில் விழுகிறது என்று கணித்து, மூன்று சேனல்களையும் ஒரே கணத்துக்குத் திருப்பி வைக்கிறது. வாயேஜர் காலத்தில் பெரிய ஆய்வுக்கூடம் செய்த வேலை இப்போது வீட்டு மேசையில் நடக்கிறது.

பொருந்தாதவை

எல்லாம் பொருந்திய பிறகும் பொருந்தாமல் நிற்பவை உண்டு. நியூ மெக்சிகோவின் 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கி, வானத்தைத் தன் சிசிடி வரிசைகளின் மேல் நகரவிட்டு, ஒவ்வொரு பொருளையும் ஐந்து ஃபில்டர்களில் அடுத்தடுத்துப் பதிந்தது. ஒரு ஃபில்டருக்கு 54 விநாடி. முதல் ஃபில்டருக்கும் கடைசிக்கும் இடையே ஏறத்தாழ 5 நிமிடம். அந்த நேரத்தில் விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் தங்கள் இடத்தில் இருந்தன. சூரியனைச் சுற்றும் சிறுகோள்கள் மட்டும் சில விகலை நகர்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிய நிறப்புள்ளிகளாகப் படத்தில் விழுந்தன. புரோகுதின்-கோர்ஸ்கியின் தட்டில் ஆற்றலைகள் நிறம் பிரிந்ததுபோல நேர்ந்தது இது. இங்கே அந்தப் பிரிவே கண்டுபிடிக்கும் வழியாயிற்று. ஸ்லோன் அளவாய்வின் நகரும் பொருள்கள் அட்டவணையில் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இவ்வாறு சேர்ந்தன. ஐந்து ஃபில்டர்களின் விண்மீன்களும் ஒரு விகலையின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருந்ததால்தான் அந்தச் சிறிய நகர்வு கண்ணில் பட்டது.